தலை திரும்பிய பக்கம்

பத்துக் குட்டிகளும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன.

எலிக்குட்டி அப்படித் தூங்காது. கண்ணும் காதும் இன்னும் திறக்காத ஒன்பது நாள் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று மூக்கை நுழைத்து, அவிழ்த்துப் போட்ட துணிக் குவியலாகத்தான் கிடக்கும். இவை கிடந்ததோ யாரோ அளவுகோல் வைத்து அடுக்கிவிட்டுப் போன மாதிரி. பத்து மூக்கும் அறையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சீனியர் சிவப்பு விளக்கின் அடியில் குனிந்து ஒரு கணம் பார்த்தான். பிறகு கூண்டின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். எலிகளோடு அவனுக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

சீனியர் என்பது ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் வைத்த பெயர். ஏழு வருடமாக ஒரே முனைவர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவனுக்குப் பின்னால் வந்ததுகள் எல்லாம் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, தொப்பையும் போட்டாகிவிட்டது. அவன் மட்டும் நுண்ணலை பட்ட எலிக்குட்டிகளின் மூளையில் எத்தனை செல் செத்தது என்று எண்ணிக்கொண்டிருந்தான். அந்த எரிச்சலில் ஊரில் ஒருவரையும் அவன் மனிதராக மதிப்பதில்லை. அவனுடைய பேராசிரியர், பத்து வருடமாக ஓர் எலியின் வாலைக்கூடத் தொடாமல் எலியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற மேதாவி. கூண்டு கழுவுகிற அக்கா, வாய் ஓயாத மண்டு. எலிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவன் மட்டமாக நினைக்காத ஒரே ஜீவன் அவனுடைய எட்டு மாத மகள். தினமும் காலையில் அவளை வளாகத்தின் மறுவாசல் பக்கம் இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, முழுக் கட்டடத்தையும் சுற்றிக்கொண்டு இந்த அறைக்கு வருவான். வரும்போதே முகம் கடுகடுவென்று மாறிவிடும்.

அந்த அறையில் பகல்தான் இரவு. எலி இருட்டில் விழித்திருக்கிற பிராணி என்பதால், மனிதர்கள் வேலை செய்கிற நேரத்தில் அங்கே இருட்டும்படி விளக்குக்கு நேரம் வைத்திருந்தார்கள். காலை எட்டரைக்குக் குழல்விளக்குகள் பட்டென்று அணையும். அதன்பின் மாலை வரை ஒரே ஒரு சிவப்பு விளக்கு. சன்னல் கிடையாது. மரத்தூளும் மூத்திரமும் கலந்த காரநெடி மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்குழாய் ஓயாமல் உறுமும், இருட்டில் எந்தக் கூண்டு என்று தெரியாமல் எங்கோ நகங்கள் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும், வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதே ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும்.

வேலை இதுதான். குட்டிகளைத் தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் தாயிடமிருந்து பிரித்து ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து நுண்ணலையைப் பாய்ச்ச வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாகிற அதே அலை, சூடு தெரியாத அளவுக்குக் குறைத்து. அலை வெளியே போகாமல் இருக்க, பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு நுரைப்பஞ்சு, அதற்குப் பின்னால் உலோக வலை. ஒரு நேரத்தில் ஒரு கூண்டுதான் உள்ளே போகும். அலை படவேண்டிய கூண்டுகள் இரண்டு. மூன்றாவது கூண்டை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அலை இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரம். சீனியர் துரைக்கு அவ்வளவு பொறுமை ஏது? முதல் நாளே பெட்டியின் பின்பலகையைப் பஞ்சோடும் வலையோடும் சேர்த்துக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டான். இப்போது இரண்டு கூண்டும் ஒரே நேரத்தில், ஒன்றின் பின்னால் ஒன்றாக உள்ளே போயின. மூன்றாவதை அலமாரியிலேயே விட்டுவிட்டு, வைத்து எடுத்ததாக நோட்டில் எழுதினான்.

கசிவு பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. அதைத் தினமும் பெட்டிக்கு முன்னால், தன் நாற்காலி கிடக்கிற இடத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தான். முள் அசையவில்லை. 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தன் உயிர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கசிவு இல்லாவிட்டால் போதாதா அந்தப் பெரிய மனிதனுக்கு!

அன்று அந்தக் கூண்டைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனான். வந்து பார்த்தபோது குட்டிகள் மறுபடி பின்சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. மரத்தூளில் பத்துச் சிறு அரைவட்டங்கள் தெரிந்தன. இரண்டாவது கூண்டிலும் அதே கதை. அலமாரியில் இருந்த மூன்றாவது கூண்டில் மட்டும் குட்டிகள் வழக்கம்போல் குப்பையாகக் குவிந்து தூங்கின.

"ரெண்டு நாளா இப்படித்தான் கெடக்குதுங்க சார்," என்றாள் கூண்டு கழுவுகிற அக்கா, இருட்டில் பின்னாலிருந்து. அவள் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. "தாய்கூடக் கிட்டப் போக மாட்டேங்குது பாருங்க."

தாய் எலி கூண்டின் எதிர் மூலையில் முதுகைத் தகரத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்து அந்தப் பக்கம் வருது. அதான்."

"காத்துக்குழா இந்தப் பக்கம்ல இருக்கு சார்?"

"நீங்க கூண்டக் கழுவுங்கக்கா. யோசிக்கிறத நாங்க பாத்துக்கிறோம்."

வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடியதும் அறை இன்னும் கொஞ்சம் இருட்டானது போல அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு குட்டியைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தான். ரோமம் இப்போதுதான் படரத் தொடங்கிய, உள்ளங்கைச் சூட்டில் நெளிகிற அற்பப் பிராணி. அதன் மூக்கைத் தன் பக்கம் திருப்பி விரலால் அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்ததும் அது திரும்பியது. அவசரமே இல்லை. பதற்றமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஒன்றின் நிதானம் அதில் இருந்தது. சீனியரின் பிடரியில் வேர்த்தது. எலிக்குட்டிக்குப் பயப்படுகிறோம் என்பது அவனுக்கே கேவலமாக இருந்தது.

ஆனால் ஏழு வருடம் வெட்டியாகப் போனாலும் அளக்கிற பழக்கம் போகவில்லை. இரண்டு கூண்டுகளையும் அறையின் இரண்டு மூலைகளில் வைத்தான். ஒவ்வொரு கூண்டிலிருந்தும் குட்டிகளின் மூக்கு காட்டிய திசையில் நூல் பிடித்துப் பின்சுவர் வரை இழுத்து ஒட்டினான். இரண்டு நூலும் இணையாகப் போகவில்லை. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து போயின. சுவரைத் தாண்டி நீட்டினால் எங்கே சந்திக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டான். சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மீட்டரில். தரையோடு தரையாக.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஏழு வருடத்தில் ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. சேமிப்பறையாக இருக்கும், கழிப்பறையாக இருக்கும், யாருக்கு வேண்டும். பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, சுண்ணாம்பு உதிர்கிற சுவரில் காதை வைத்தான்.

முதலில் காற்றுக்குழாயின் உறுமல்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில் ஏதோ ஒரு கிணுகிணுப்பு. ஒரு பெண்ணின் குரல். "என் செல்லம் தூங்குமாம்... என் ராசாத்தி தூங்குமாம்..." அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் அவன் மகளைக் கை நீட்டி வாங்கிக்கொள்கிற ஆயாவின் குரல்.

கட்டடத்தைச் சுற்றி ஓடினான். வெயில் கண்ணைக் குத்தியது. மறுவாசல், வராந்தா, செருப்பு அடுக்கு, நீலக் கதவு. உள்ளே பால்வாடையும் பவுடர்வாடையும். மதியத் தூக்க நேரம். ஒரு வயதுக்கு உட்பட்ட ஒன்பது குழந்தைகள், ஒன்பது பாய்களில்.

ஒன்பதும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வாங்க சார்," என்று ஆயா கிசுகிசுத்தாள். முகமெல்லாம் பெருமை. "பத்துப் பதினோரு நாளா பாருங்க, ஒரு சத்தம் இல்ல. ஒண்ணுகூட அழறதில்ல. இப்படித் தங்கமான பிள்ளைங்கள நான் பாத்ததே இல்ல."

அவன் மகள் சுவரோரத்தில் இருந்து மூன்றாவது பாயில் கிடந்தாள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர். கண்ணாலேயே அளந்துவிட்டான். மண்டியிட்டு, அந்தச் சிறு தலையை இரண்டு கைகளாலும் ஏந்தி, மெதுவாகத் தன் பக்கம் திருப்பினான். உச்சிக்குழி அவன் கட்டைவிரலுக்கு அடியில் துடித்தது. பத்து நாள் எலிக்குட்டியின் மூளை ஏறக்குறைய அப்போதுதான் பிறந்த சிசுவின் மூளை என்று அவனே தன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தான். கையை எடுத்தான்.

தலை திரும்பியது. நிதானமாக.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருப்பான்? கத்தியிருப்பான். ஒன்பது குழந்தைகளையும் வாரிக்கொண்டு வெளியே ஓடியிருப்பான். சீனியர் யோசித்தான். பின்பலகையைக் கழற்றிய விஷயம் வெளியே தெரிந்தால் பட்டம் போச்சு, ஏழு வருடம் போச்சு, ஒருவேளை போலீஸும் வரும். எனவே அவன் தன் மகளை மட்டும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "சளி பிடிச்சிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். மற்ற எட்டையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ண வேண்டிவரும் என்று பயந்தான்.

போகிற வழியில் எலியறைக்குள் நுழைந்து இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினான். பின்பலகையைத் திரும்ப மாட்டினான். திருகாணி நான்கையும் சரியாக முடுக்கினான், எதுவுமே நடக்காத மாதிரி.

வீட்டில் மனைவி, பரீட்சைக் காலத்து அரைநாள் பள்ளி முடிந்து வந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் வேலை அவளுக்கு. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கைத் துடைத்துப் பார்த்தாள்.

"சளியே இல்லயே? காய்ச்சலும் இல்ல."

"ரெண்டு மூணு நாள் வீட்லயே இருக்கட்டும்."

"நாளைக்குப் பரீட்சை. எனக்கு லீவு தர மாட்டாங்க. என்னன்னு சொல்லுங்களேன்."

"சொன்னா செய். எல்லாத்துக்கும் காரணம் கேக்காத."

அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்தான்; புரிந்துவிடும் என்பதுதான் பயம். குழந்தை தரையில் விரித்த துணியில் கிடந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை, கிலுகிலுப்பையை ஆட்டினால் பார்க்கவில்லை. தலை சமையலறைச் சுவரின் பக்கம் திரும்பியிருந்தது. அவன் திருப்பினான். அது திரும்பியது. மறுபடி திருப்பினான். சமையலறைச் சுவருக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் ரோடு, பாலம், அதற்கும் அப்பால் நேர்க்கோட்டில் என்ன இருக்கிறது என்பதை அவன் மனசே சொன்னது. அன்று அவன் சாப்பிடவில்லை.

மின்சாரத்தைப் பிடுங்கியாகிவிட்டது. அப்படியானால் இன்னும் இழுப்பது எது? குட்டிகள். அந்த இருபது சனியன்கள். அவை இருக்கும்வரை இது நிற்காது. அட்டவணைப்படி இருபத்தொன்றாம் நாள்தான் மூளையை எடுக்க வேண்டும். நாளைக்கே எடுத்துவிட்டால் யார் கேட்பார்கள்? தேதியை மாற்றி எழுதினால் ஆயிற்று.

காலையில் மனைவி குளித்து வருவதற்குள் கிளம்பினான். கூண்டு கழுவுகிற அக்கா இன்னும் வரவில்லை. அவன் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் குழல்விளக்குகள் அணைந்தன. சிவப்பு விளக்கு. நெடி. உறுமல். கூண்டைத் திறந்தான்.

குட்டிகள் பின்சுவரைப் பார்க்கவில்லை. கதவுப்பக்கம் பார்த்தன. கதவுக்கு அப்பால், பாலத்துக்கு அப்பால், அவன் வீடு இருந்தது. மகள் அங்கேதான் இருந்தாள்.

அப்போது புரிந்தது. அவை தேடியது சுவரை அல்ல. அந்த அறையையும் அல்ல. மூன்றாவது பாயில் கிடந்ததைத்தான்.

வேகமாகச் செய்தான். ஒவ்வொன்றாக மயக்கமருந்துப் புட்டியில் போட்டான். அசைவு நின்றதும் எடுத்தான். கத்தரி, இடுக்கி, திரவம் நிறைந்த கண்ணாடி ஜாடி. ஆயிரம் தடவை செய்த வேலை. ஒரு காலத்தில் சீட்டி அடித்துக்கொண்டே செய்வான். முதல் கூண்டு முடிந்தது. ஜாடியில் பத்து மூளைகள். இரண்டாவது கூண்டில் கையை விட்டான்.

கை நின்றது.

குட்டிகளின் தலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. பத்தும் சேர்ந்து. கதவிலிருந்து வலப்பக்கமாக. கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி, பார்த்தால் நகர்வது தெரியாமல், கண்ணை எடுத்து வைத்தால் தெரிகிற வேகத்தில். கொஞ்ச நேரம் நின்றன. மறுபடி நகர்ந்தன. மறுபடி நின்றன. சிக்னலில் நிற்கிற வண்டியைப் போல.

வண்டி. ரோடு. யாரோ எதையோ கொண்டுவருகிறார்கள்.

போனை எடுத்தான். கையுறை வழுக்கியது. ஒன்பது முறை மணி அடித்த பிறகு மனைவி எடுத்தாள். பின்னால் ஹார்ன் சத்தம்.

"எங்க இருக்க?"

"ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கேன். பாப்பாவ இப்பத்தான் காப்பகத்துல விட்டுட்டு வரேன். நல்லாத்தான் இருக்கா. உங்களுக்கு என்னதான்..."

குட்டிகளின் தலைகள் நின்றுவிட்டன. பின்சுவரைப் பார்த்து.

போனைக் கீழே வைத்தானா, போட்டானா தெரியாது. பத்தையும் முடித்தான். மயக்கமருந்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கடைசிக் குட்டி அவன் பிடியிலும் சுவரைப் பார்த்தே கிடந்தது. ஜாடியில் இருபது. மூடியை இறுக்கினான். வளாகத்தின் கோடியில் கழிவை எரிக்கிற உலை இருக்கிறது. முதலில் இதை எரிக்க வேண்டும். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும். ஊரை விட்டே. முதலில் எரிக்க வேண்டும்.

வெயில். பத்து மணி வெயில், பளீரென்று. ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். உலைக்குப் போகிற பாதை காப்பகத்தின் பெரிய கண்ணாடிச் சன்னலை ஒட்டித்தான் போகிறது. வேறு வழியில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

ஒன்பது பாய்கள். ஒன்பது குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. ஆயாவைக் காணோம். தலைகள் சுவர்ப்பக்கம் இல்லை.

சுவர்ப்பக்கம் இல்லை! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டது. தீர்ந்தது. செத்ததும் தீர்ந்தது. இதற்குப் போயா இப்படிப் பயந்தோம் என்று சிரிக்கக்கூடச் செய்தான். அவன் மகள் மூன்றாவது பாயில், கண் மூடி, முகத்தைச் சன்னல் பக்கம் வைத்து.

எல்லோருமே சன்னல் பக்கம்.

சிரிப்பு நின்றது. ஓர் அடி எடுத்து வைத்தான்.

ஒன்பது தலைகளும் நகர்ந்தன.

இன்னோர் அடி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தன. கண்கள் மூடியே இருந்தன. மூச்சு சீராக இருந்தது. தூக்கம் கலையவே இல்லை.

அவன் குனிந்து ஜாடியைப் பார்த்தான். பாக்கு அளவில், வெளிர்மஞ்சளாக, இருபது மூளைகள். ஒவ்வொன்றின் முன்னாலும், மோப்பத்துக்கென்று இருக்கிற இரண்டு சிறு முனைகள். அடியில் கிடக்க வேண்டியவை அடியில் இல்லை. திரவத்தில் மிதந்து, கண்ணாடியின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. முனைகள் சன்னலைப் பார்த்தபடி.

ஜாடியை மெல்லச் சுற்றினான்.

கண்ணாடி சுற்றியது. உள்ளே இருந்தவை சுற்றவில்லை.

கத்த நினைத்தான். ஆயாவைக் கூப்பிட நினைத்தான். எட்டுக் குழந்தைகளின் பெற்றோரையும், மனைவியையும், அந்த மேதாவிப் பேராசிரியரையும்கூட. ஜாடியை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

சன்னலுக்கு உள்ளே அவன் மகள் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தாள். அவளோடு மற்ற எட்டும் திறந்தன. அகலமாக. இன்னும் அகலமாக. சத்தமே இல்லை, மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் எலிக்குட்டி தாயைக் கூப்பிடுவது போல.

அவன் கையில், ஜாடிக்குள், திரவம் நடுங்கத் தொடங்கியது.